ஊமை ஹார்ன்

பொட்டிக்குள்ள போ பாப்பம்னு சொல்லிக்கிட்டே அந்தச் சின்ன பொம்மை ரயில் ஸ்டேஷன எடுத்து எப்சிபா பழைய பேப்பர்ல சுத்துனா, சுத்தி முடிச்ச கையோட பிரிச்சா, பிரிச்சி அது இருந்த எடத்துலயே மறுபடி வச்சி, பிளாட்பாரத்து பெஞ்சு ரெண்டையும் நேராக்கி, வெரலால ஒரு சுண்டு சுண்டித் தூசியத் தட்டுனா. மாட்டேன். காலி பண்ண மாட்டேன். வாய்க்குள்ளதான் சொன்னா, சத்தம் வெளிய வரல, இந்த வீட்டுல பகல்ல யாருக்குமே சத்தம் வெளிய வராது. மூணு அட்டைப்பொட்டி மேசைக்கு அடியில வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி, அம்மா ஜெயமணி நேத்தே கொண்டாந்து வச்சது. மத்தியானம் சோறு போடும்போது, "அப்பா முழிக்கதுக்குள்ள முடிச்சிரு எப்சி, என்ன"ன்னு காதுக்குள்ள சொன்னா. எல்லாமே காதுக்குள்ளதான். அப்பா தங்கதுரை சரக்கு ரயில் ஓட்டுறவங்க, ராத்திரி பூரா ஓட்டிட்டு விடிஞ்சி வந்து படுத்தாங்கன்னா வெயில் தாழுற வரைக்கும் தூக்கம், அந்தத் தூக்கத்துக்குத்தான் இந்த வீட்டுல மொத மரியாதை. காலிங் பெல்லுக்கு பேட்டரி போடுறதில்ல. குக்கர் விசில் அடிக்கப் போற நேரம் பாத்து அம்மா கரண்டிக் காம்பால வெயிட்ட லேசாத் தூக்கிப் பிடிச்சிருவா, ஆவி மட்டும் உஸ்ஸுன்னு போவும். மீன்காரிக்குக் கைச்சாடை. மத்த பிள்ளைங்களுக்கு அம்மா சொல்லு அத்தை சொல்லுன்னு பேச்சு பழக்குவாங்க, எப்சிக்கு மொதல்ல பழக்குன வார்த்தை பைய. பைய நட, பைய சிரி, பைய அழு. பைய அழுறது எப்படின்னா தலகாணிய வாயில வச்சிக் கடிச்சிக்கணும், அதுல அவ டிகிரி முடிச்சவ. இப்ப பக்கத்து மனையில எவனோ வீடு கட்டுறான், முன் ரூம்பு சன்னலுக்கு நேரா டைல்ஸ் வெட்டுற மிஷின போட்டுட்டான், கிர்ர்ருன்னு அது பல்லக் கடிக்கிற சத்தம் காலையில ஆரம்பிச்சா பொழுது அடையத்தான் ஓயும். அப்பா கண்ணு ரெண்டும் மொளகாப்பழமாட்டம் ஆயிட்டு. நேத்து எந்திரிச்சி வந்து இந்தப் பின் ரூம்பு வாசல்ல நின்னு, மேசைய ஒரு பார்வ பாத்துட்டு, "இந்த ரூம்பு எனக்கு வேணும் எப்சி. தூங்கலைன்னா எனக்கு சிக்னலு ரெண்டு ரெண்டாத் தெரியுது. நாளைக்கு நான் எந்திரிக்கும்போது இது காலியா இருக்கணும்"னாங்க. கோவமாச் சொல்லியிருந்தா அவளும் சண்ட போட்டிருப்பா. ஞாயமாச் சொல்லிட்டாங்க. ஞாயத்தோட எப்படிச் சண்ட போட, சவம்.

லேப்டாப்புல டிங்குன்னு ஒரு பொட்டி முளைச்சிது, டிங்குன்னு சத்தம் கெடையாது, சத்தத்த அமத்தி வச்சிருக்கா, கண்ணுக்குத்தான் டிங்கு. மிக்ஸி கம்பெனிக்கு வீட்டுல இருந்தே பதில் டைப் பண்ற வேல அவளுக்கு. போன்ல பேசுற வேலைக்குத்தான் மொதல்ல எடுத்தாங்க, சம்பளமும் கூட, எங்க வீட்டுல பகல்ல பேச முடியாது சார்னு சொல்லி எழுத்து வேலைக்கு மாறிக்கிட்டா. மேடம் புது மிக்ஸில ரொம்ப சத்தம் வருது, பிள்ள தூங்க மாட்டேங்குது. ஐயோ பாவம், ஒனக்குமா. வணக்கம், தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம், மிக்ஸியைச் சமமான இடத்தில் வைத்து இயக்கிப் பார்க்கவும்னு தட்டிவிட்டுட்டு மறுபடியும் மேசைக்குத் திரும்புனா. மேசைன்னா ஒரு செவுத்துல இருந்து மறு செவுரு வரைக்கும். ஆணியடிச்சி ஒட்டுன தண்டவாளம், அடியில கொடலு மாதிரி வயரு, தெர்மக்கோல்ல செஞ்ச மலை, மலைக்குள்ள ஒரு குகை, குகைக்கு முன்னால வளைஞ்சி போற ஒம்போது கண்ணுப் பாலம். செங்கோட்ட தாண்டுனா மலையில பதிமூணு கண்ணுப் பாலம் இருக்குல்லா, அதுதான் இது, எடம் பத்தாம நாலு கண்ணு செவுத்துக்குள்ள போயிட்டு. இத எந்தப் பொட்டியில போட. கழட்டுனா கழண்டு வராது, ஒடைஞ்சிதான் வரும். இது சாமான் இல்லப்பா, இது ஊருன்னு நேத்தே சொல்லியிருக்கணும், நேத்து வாயடைச்சிப் போயி நின்னுட்டா, வாயடைச்சி நிக்கத்தான அவளுக்குப் பழக்கியிருக்கு. பிளாட்பாரத்துல நிக்கிற எஞ்சினக் கையில எடுத்தா. கரி எஞ்சின், தகரத்துல செஞ்சது, கல்கத்தாவுல கடையச் சாத்துன ஒருத்தருகிட்ட வாங்குனது. பழைய காலத்துல சாவி குடுத்து ஓட்டுன பொம்மை. உள்ள இருந்த சுருள்கம்பி செத்துப் போச்சி, அதத் தூக்கிட்டு மோட்டார வச்சி, நகத்துல பாதி அளவு சிப்பு ஒண்ணு வச்சி, புளியங்கொட்ட தண்டி ஸ்பீக்கர் ஒண்ணு வச்சி, அந்தச் சாவிய மட்டும் அப்பிடியே விட்டுட்டா, வண்டி ஓடும்போது சாவியும் சும்மா சுத்தும், ஒரு வேலையும் கெடையாது அதுக்கு, பாக்கதுக்கு அவ்வளவு ஜோரா இருக்கும்! பழைய ஒடம்பு, புது மூளை. அந்த மாதிரி வண்டிதான் அவ சேக்குறது. பழச நோண்டிட்டியே, இனி இதுக்கு மதிப்பே கெடையாதுன்னு பொம்மை ரயில் சேக்குறவங்க வாட்சப் குரூப்புல பெரிய பெரிய ஆளுங்க தலையில அடிச்சிக்கிட்டாங்க. மதிப்ப வச்சி நாக்குலயா வழிக்க, எனக்கு ஓடணும், கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒக்காந்து செத்தவன் போட்டோ மாதிரி சிரிக்கக் கூடாதுன்னு எழுதி அனுப்பிட்டா. புதுசு பிடிக்கிற பயலுவ இன்னொரு பக்கம், புல்லட் ரயில் மாடல் வாங்குறத விட்டுட்டு என்ன எப்சி இந்தத் தகர டப்பான்னானுவ. ரெண்டு பக்கமும் அடி, மத்தளம் மாதிரி. மத்தளத்துக்கு அதான சோலி.

சொந்தக்காரங்க சொல்லுறது தனிக் கச்சேரி. கிறிஸ்மஸுக்கு வந்த மார்க்கெட் அத்தை, எல்லாரும் கேக் தின்னுக்கிட்டு இருக்கும்போது, "ரயில்காரன் மவ ரயிலு வச்சி வெளையாடுதா, சரி. எங்க வீட்டுக்காரரு பஸ்ஸு டிரைவரு, என் மவ என்ன பஸ்ஸா வாங்கி அடுக்குதா"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க, எப்சியுந்தான் சிரிச்சா, நல்லாத்தான இருக்கு. "கல்யாணம் கட்டிக் குடுத்தா இந்த மலையையும் சீதனமா ஏத்தி விடுவியா ஜெயமணி"ன்னா அடுத்தால. ஏத்துவேன் அத்தை, லாரி பிடிச்சி ஏத்துவேன், மலைக்கு எடமில்லாத வீட்டுல எனக்கு மட்டும் என்ன எடம் இருக்கப் போவுது. இது அத்தை ஊருக்குப் போன பொறவு குளிக்கும்போது தோணுன பதிலு. அவளுக்கு எல்லாப் பதிலும் குளிக்கும்போதுதான் வரும், தண்ணிச் சத்தத்துக்குள்ள யாருக்கும் கேக்காதுல்லா. அத்தை சொன்னத அப்பாவும் கேட்டாங்க, கேக்குத் துண்டு ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. அப்பாவுக்கு இந்த மேசை பிடிக்காது. பாக்கவே மாட்டாங்க. அப்பா வாசல்ல வந்தாலே எப்சியோட கை தானாப் போயி போன்ல இருக்க செவப்பு பட்டன அமுத்தி எல்லாத்தையும் நிறுத்திரும், வாத்தியார் வந்தா பேச்ச நிறுத்துற பிள்ள மாதிரி. ஓடிக்கிட்டிருக்க ஒரு வண்டிய அவங்க இந்த ரூம்புல பாத்ததே இல்ல. வீட்டுலயும் தண்டவாளமான்னு ஒரே ஒரு தடவ கேட்டாங்க. அது கேள்வி இல்ல.

சரி, பிரிச்சது பிரிச்சாச்சி, புதுசா வந்தத மட்டும் ஒரு தடவ பாத்துட்டு பொறவு கட்டுவோம், இல்ல கட்ட வேண்டாம், பாக்கவாவது செய்வோம்னு கொரியர் பொட்டியப் பைய, டேப்பு கிழியுற சத்தம் கூட வராம, பிளேடால அறுத்தா. குட்டி எஞ்சின். ஜப்பான்காரன் எந்தக் காலத்துலயோ செஞ்சது, உள்ள எடமே கெடையாது, சிப்பு வைக்க அவளுக்குக் கையி வரலன்னு பெங்களூர்ல இருக்க குரூப்பு சிநேகிதன் நவ்ஷாத்துக்கு அனுப்பி வச்சிருந்தா. அட, எப்பிடி வச்சிருக்கான் பாரு, தண்ணித் தொட்டிக்குள்ள ஸ்பீக்கர ஒளிச்சி வச்சிருக்கான், கள்ளன்! கூட ஒரு துண்டுத்தாளு. மொதல்ல நம்பர மாத்து, பொறவு ஓட்டு, கல்யாணம் பண்ணி வச்சிராதன்னு கிறுக்கியிருக்கான். குரூப்பு பாஷை அது. இந்த வண்டிங்களுக்கு தண்டவாளத்துல எப்பவும் கரண்ட் இருந்துக்கிட்டே இருக்கும், ஆனா எந்த எஞ்சினும் தன்னோட நம்பரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அசையும், போன்ல நம்பர அமுக்கி முடுக்குனா அந்த ஒண்ணு மட்டும் போவும், மத்ததெல்லாம் காது கேக்காத மாதிரி நிக்கும். கம்பெனியில இருந்து வர்ற புது சிப்பு எல்லாத்துக்கும் ஒரே நம்பரு, மூணு. மாத்தலைன்னா ஒண்ணக் கூப்பிட்டா ரெண்டு வரும், எதுத்து எதுத்து வந்து முட்டிக்கும், அதுக்குப் பேருதான் குரூப்புல கல்யாணம். எப்சியோட கல்கத்தா எஞ்சினுக்கு மூணாம் நம்பர்தான், அதுதான் அவளுக்கு மொத எஞ்சின், மாத்தத் தோணல. மாத்தணும், இந்தக் குட்டிக்கு ஒரு ஏழோ எட்டோ குடுக்கணும்னு நினைச்சிக்கிட்டே, மொதல்ல தண்டவாளத்துல வச்சா எப்பிடி இருக்குன்னு பாக்கணும்லா, பிளாட்பாரத்துல நிக்கிற நாலு செவப்பு பெட்டிக்குப் பின்னால, கடைசியில இருக்க கார்டு பெட்டியத் தொட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி வச்சா. அப்பவே டிங்கு. மேடம் சமமான இடத்தில் வைத்தாகி விட்டது, சத்தம் குறையவில்லை. எழுதிக்கிட்டு இருக்கும்போதே முன் ரூம்புல இருந்து கொரலு. "டிஸ்டன்ட் டபுள் யெல்லோ."

அப்பா தூக்கத்துல சிக்னலு சொல்லுதாங்க, தூரத்து சிக்னல்ல ரெண்டு மஞ்சளாம். எஞ்சின்ல அது வழக்கம், ஒவ்வொரு சிக்னலு வரும்போதும் ஒருத்தர் கைய நீட்டி சத்தமாச் சொல்லணும், பக்கத்துல இருக்கவரு அதையே திருப்பிச் சொல்லணும், ரெண்டு பேரும் பாத்தாச்சின்னு அர்த்தம். அந்தப் பழக்கம் கட்டிலு வரைக்கும் வந்துட்டு. அடுப்படியில இருந்து அம்மா ஓடுதா, செருப்பில்லாத பாதம், பூனை மாதிரி, கட்டில் பக்கத்துல போயி, "டிஸ்டன்ட் டபுள் யெல்லோ"ன்னு திருப்பிச் சொல்லுதா. அவ்வளவுதான், அப்பா பெரண்டு படுத்துக்கிடுவாங்க. சொல்லலைன்னா எந்திரிச்சி ஒக்காந்துருவாங்க. அவங்க சொன்ன நெறத்தையேதான் சொல்லணும், கல்யாணமான புதுசுல அம்மா மஞ்சளுக்கு பச்சைன்னு சொல்லிட்டா, அப்பா கட்டில விட்டுக் குதிச்சிட்டாங்களாம். சிரிப்பா இருக்கும். ஆனா சிரிப்பில்லாத நாளும் உண்டு. அன்னைக்கு ஒரு நாளு, எப்சி ஸ்கூல் படிக்கிற காலம், ட்யூட்டி முடிச்சி வந்த அப்பா பேசாமக் குளிக்கப் போனாங்க, தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு, விழுந்துக்கிட்டே இருக்கு, வெளிய வரவே இல்ல. கூட வேலை பாக்குற மாமா ஒருத்தர் வந்து வாசல்லயே நின்னு அம்மாகிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போனாரு. யாரோ ஒரு ஆளு, தண்டவாளத்துல. அதுக்கு மேல எப்சிக்கு எதுவும் தெரியாது, அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு அதையும் காதுக்குள்ளதான் சொன்னாங்க. அன்னைக்குத் தூக்கத்துல அப்பா சிக்னலு சொல்லல. கைப் பெருவெரலு மட்டும் மெத்தைய அமுக்கிக்கிட்டே இருந்துது, அமுக்கி அமுக்கி, அவ கதவு இடுக்குல நின்னு பாத்தா. ஹார்ன். இன்னைக்கு யோசிச்சா வெளங்குது, அந்த எஞ்சின்ல ஒடிச்சித் திருப்ப முடியாது, பிரேக்கு பிடிச்சா நிக்க ஒரு மைலு வேணும், எதுத்தால நிக்கிறவன்கிட்ட சொல்ல அப்பா கையில இருக்க ஒரே வார்த்தை அந்த ஹார்ன்தான். தள்ளு, தள்ளு, தள்ளுய்யா. அதுக்குத்தான் எப்சி ஒரு ஞாயித்துக்கெழம விடியக்காலை ஆராதனைக்குப் போறேன்னு சொல்லிட்டு தச்சநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு எட்டத்துல போயி நின்னு, அப்பா வண்டி வரும்போது போன நீட்டிக்கிட்டு, அந்த ஹார்ன அப்பிடியே பதிஞ்சிக்கிட்டா. அதத்தான் கல்கத்தா எஞ்சினுக்குள்ள ஏத்தியிருக்கா. கரி எஞ்சினுக்குள்ள கரண்ட் எஞ்சின் ஹார்னான்னு நவ்ஷாத் சிரிச்சான். எதுக்குன்னு அவ சொல்லல. சொல்லத் தெரிஞ்சாத்தான. ஏத்துனது ஏத்துனா, ஒரு நாளும் கேட்டதில்ல. சத்தத்த சுழியத்துல வச்சிப்புட்டா. மலையடிவாரத்துல தீக்குச்சியில டபிள்யூ போர்டு ஒண்ணு நட்டு வச்சிருக்கா, அந்த போர்ட தாண்டும்போது டிரைவர் ஊதணும்னு சட்டம், அவளும் ஒவ்வொரு தடவையும் போன்ல ஹார்ன் பட்டன அமுக்குவா, எஞ்சின் சத்தமில்லாம ஊதும். ஊமை ஹார்ன். அப்பாவோட ஒரே வார்த்தையத் திருடிட்டு வந்து நானே அதோட வாயப் பொத்தி வச்சிருக்கேன், என்ன பிறவி நான்.

ஒரு சுத்து. கடைசியா ஒரே ஒரு சுத்து ஓட்டிட்டு, இல்ல கடைசியெல்லாம் இல்ல, ஒரு சுத்து, அவ்வளவுதான். அந்த வண்டிக்கு இன்னொரு கொறையும் உண்டு, நாலு பெட்டியோட மலை ஏறாது, தகர எஞ்சின் எடை பத்தாது, பாதி மலையில சக்கரம் வழுக்கிக்கிட்டு சும்மா சுத்தும். ரெண்டு பெட்டியக் கழட்டிவிட்டா ஏறிரும், குரூப்புல எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. கழட்ட மாட்டா. நாலு பெட்டி வண்டின்னா நாலு பெட்டியும் ஏறணும். தெனமும் ஏறாம நின்னுச்சி, தெனமும் கையால எடுத்து விட்டா, கழட்டல. போன எடுத்து மூணாம் நம்பர அமுக்கி முடுக்குனா. சாவி சுத்துச்சி. வண்டி பிளாட்பாரத்த விட்டுக் கெளம்புது, வெளிய டைல்ஸ் மிஷின் கிர்ர்ருங்குது, அடுப்படியில அம்மா வெங்காயம் உரிக்கா, உரிக்கிற சத்தம் கூடக் கேக்காம உரிக்கா, நாளைக்கு இந்நேரம் இந்த எடத்துல கட்டிலு கெடக்கும், அப்பா படுத்திருப்பாங்க, பாலம் இருந்த எடத்துல அவங்க தல இருக்கும், நான் முன் ரூம்புல டைல்ஸ் சத்தத்துல ஒக்காந்து மிக்ஸிக்குப் பதில் எழுதிக்கிட்டு இருப்பேன், தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம், தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். போர்டு வந்துட்டு. கை தானா அமுக்குச்சி.

பாஆஆஆம்னு ரூம்பே அதிருச்சி.

சன்னல் கம்பி கூட நடுங்குன மாதிரி இருந்துது அவளுக்கு. தெய்வமே. குட்டி எஞ்சின். நம்பர மாத்தல. அதுக்கும் மூணு, அதுக்கும் அப்பா ஹார்ன அவதான் அனுப்பிக் குடுத்தா, நவ்ஷாத் பாவி முழுச் சத்தத்துல ஏத்தி அனுப்பியிருக்கான், கல்கத்தா ஊமையாத்தான் ஊதுச்சி, பின்னால நின்னது வாயத் தொறந்துட்டு. எப்சியோட கட்டைவெரலு செவப்பு பட்டனுக்கு மேல போயி நின்னுச்சி. அடுப்படியில ஒரு வெங்காயம் கீழ விழுந்து உருளுது. அம்மா வாசல்ல வந்து நிக்கா, கையில கத்தி, மொகத்துல ரத்தமே இல்ல. அமுத்து, அமுத்துன்னு கண்ணால சொல்லுதா. முன் ரூம்புல கட்டிலு கிரீச்சுன்னுது. அவ்வளவுதான், போச்சி, எந்திரிச்சாச்சி. அப்ப அங்கருந்து, தடிச்ச தூக்கக் கொரல்ல, "ஸ்டார்ட்டர் கிரீன்." வண்டி கெளம்பலாம்னு அர்த்தம். அம்மா போவணும், போயி திருப்பிச் சொல்லணும், அம்மாவுக்குக் கால் அசையல. ஒரு நொடி, ரெண்டு நொடி, கட்டிலு மறுபடியும் கிரீச்சுங்குது, யாராவது சொல்லணுமே, சொல்லலைன்னா எந்திரிச்சிருவாங்களே. எப்சி வாயத் தொறந்தா. காதுக்குள்ள சொல்லுற தூரமில்ல அது. வயித்துல இருந்து, முழுக் கொரலெடுத்து, "ஸ்டார்ட்டர் கிரீன்!"னு கத்துனா. அவ கொரல அவளே பகல்ல கேட்டதில்ல, இவ்வளவு தடியாவா இருக்கும், ஆம்பிளக் கொரல் மாதிரி. முன் ரூம்புல பெருமூச்சு ஒண்ணு. பொறவு கொறட்ட.

கொறட்ட! டைல்ஸ் மிஷினோட போட்டி போட்டுக்கிட்டு, ரெண்டு வாரமா கேக்காத கொறட்ட. எப்சி அம்மாவப் பாத்தா, அம்மா எப்சியப் பாத்தா. ரெண்டு பேரும் ஒரே நேரம் மேசையப் பாத்தாங்க. வண்டி பாதி மலை தாண்டிட்டு. வழுக்குற எடம் தாண்டிட்டு! முன்னால தகர எஞ்சின் இழுக்க, பின்னால குட்டி முட்டுக் குடுத்துத் தள்ள, நாலு பெட்டியும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிக்கிட்டு ஏறுது, செங்கோட்ட மலையில பின்னாலயும் பேங்கர்னு ஒரு எஞ்சின் போட்டுத் தள்ளிக்கிட்டுப் போவாங்கள்லா அதே மாதிரி, குகைக்குள்ள போயி, வெளிய வந்து, பாலத்துல வளைஞ்சி, ஒரு கண்ணு, ரெண்டு கண்ணுன்னு தாண்டுது. தப்புலதான் ஏறுது. ஏறுனா சரி. எப்சிக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியல, தலகாணிய எங்க கடிக்க. அப்ப ஒண்ணு ஒறைச்சிது. ரன்னிங் ரூம்பு. வெளியூர்ல அப்பா படுக்கிற எடம் யார்டுக்குப் பக்கத்துல, சன்னலுக்கு வெளிய விடிய விடிய வண்டி கோத்து வண்டி பிரிப்பான், அங்க கட்டையா தூங்குவேன்னு அப்பாவே சொல்லியிருக்காங்க. இங்க ஸ்பூன் விழுந்தா எந்திரிக்காங்க, அம்மா இருமுனா எந்திரிக்காங்க. நாம வாயப் பொத்திக்கிட்டுத் திரியத் திரியத்தான் அவங்க காதத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்களோ. யாரோ என்னமோ மறைக்காங்கன்னா எவனுக்குத் தூக்கம் வரும். இத்தன வருசமா! எப்சி ஹார்ன் பட்டன் மேல வெரல வச்சா. "ஏட்டி," அம்மா வாயசைச்சா, "ஒனக்குக் கிறுக்கா, வேண்டாம், ஏட்டி, வேண்டாம்." எப்சி அம்மா மொகத்த நேராப் பாத்துக்கிட்டே அமுக்குனா. இந்தத் தடவ தெரிஞ்சே. பாஆஆஆம். நீளமா. கொறட்ட நிக்கல. ஒரு தாளம் கூடத் தப்பல. அம்மா கையில இருந்த கத்திய மேசையில வச்சா, பெட்டி ஓடுற தண்டவாளத்துக்கு எட்ட வச்சா, மொத மொதலா அந்த மேசையப் பாத்து, "இது எப்பிடிட்டி தானா வளையுது"ன்னு கேட்டா. கேட்டுட்டு மனசு கேக்காம, அவ குணம் எங்க போவும், முன் ரூம்பு வாசல்ல போயி எட்டிப் பாத்து, பைய, ரொம்பப் பைய, "ஏங்க, தூங்குதீங்களா"ன்னா.

கொறட்ட நின்னு போச்சி. "என்ன? என்னாச்சி?"ன்னு அப்பா எந்திரிச்சி ஒக்காந்துட்டாங்க.

எப்சிக்கு வாய் விட்டுச் சிரிப்பு வந்துட்டு. அப்பா துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, தலகாணியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, எடம் மாத்திப் படுக்கிற நெனப்புல நேரா இங்கதான் வாராங்க. வாசல்ல நின்னாங்க. எப்சியோட கை செவப்பு பட்டனுக்குப் போச்சி, பழக்கம், போன கைய அவளே பாத்தா, எடுத்து முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டா. வண்டி ஓடிக்கிட்டிருக்கு.

"காலி பண்ணலியா?"

"பண்ணல. பண்ண மாட்டேம்ப்பா."

"பைய பேசுட்டி"ன்னா அம்மா, வாயி தானாச் சொல்லிட்டு.

"அதான் முழிச்சிட்டாங்கள்லாம்மா, இன்னும் என்ன பைய! அப்பா, ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சேன், நீங்க எந்திரிக்கல. கத்துனேன், எந்திரிக்கல. அம்மா ஏங்கன்னு காத்து மாதிரி கேட்டா, துள்ளி எந்திரிச்சிட்டீங்க. ஒங்களுக்கு சத்தம் கொறை இல்ல, நாங்க பைய பைய பேசுறதுதான் கொறை. இந்த மேசைக்கு அடியில பாய விரிச்சிப் படுங்க. மேல வண்டி ஓடும். ஓடுனாத்தான் தூங்குதீங்க."

"எந்த ஹார்னு?"

"ஒங்க ஹார்னு."

அப்பாவுக்குப் புரியல, புரிஞ்ச மாதிரியும் இருந்துது, மொகம் தூக்கத்துல ஊதிப்போயி கெடக்கு, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. கண்ணு வண்டி பின்னாலயே போவுது. தகர எஞ்சினப் பாத்தாங்க, சும்மா சுத்துற சாவியப் பாத்தாங்க, பின்னால தள்ளுற குட்டியப் பாத்து, "பேங்கர் போட்டிருக்கியே"ன்னாங்க. போடல, மறந்துட்டேன்னு சொல்ல வந்தத முழுங்கிட்டு, "ஆமா, போடாம எப்பிடி ஏறும்"னா எப்சி, நெஞ்ச நிமித்திக்கிட்டு. வண்டி ஸ்டேஷனத் தாண்டி, வளைவு திரும்பி, மலையடிவாரத்துக்கு வந்துட்டு. தீக்குச்சி போர்டு. எப்சி வெரலு ஹார்ன் பட்டன் மேல இருக்கு, அமுக்கல, அப்பா நேருக்கு நேரா நிக்காங்க, அந்தக் கதவு இடுக்குல பாத்த பெருவெரலு ஞாபகத்துக்கு வந்துட்டு, அமுக்க முடியல, இது அவங்க வார்த்தை, அவங்க முன்னால நான் எப்பிடி. போர்டு போச்சி. மொத எஞ்சின் போச்சி, பெட்டி நாலும் போச்சி. அப்பாவோட பெருவெரலு தலகாணி ஓரத்த ஒரு அமுக்கு அமுக்குனத எப்சி பாத்தா.

"ஏட்டி, டபிள்யூ போர்டு போயிட்டு. நீ ஊதலியே."

"தூங்குற வீடுன்னு ஊதல."

அப்பா கால அகட்டி அந்த அட்டைப்பொட்டி மூணையும் ஒரே தள்ளாத் தள்ளி ஓரமாக்குனாங்க, குனிஞ்சி தலகாணிய மேசைக்கு அடியில விட்டெறிஞ்சாங்க.

"யாரு தூங்குதா இங்க? ஊது."

எப்சி ஊதுனா. பக்கத்து மனையில டைல்ஸ் மிஷின் டக்குன்னு நின்னு போச்சி, "எந்த வண்டிடே அது, இந்த நேரத்துல?"ன்னு எவனோ கேக்கான். லேப்டாப்புல பொட்டி முளைச்சிருக்கு, மேடம் இருக்கீங்களா, இந்தச் சத்தத்துக்கு என்னதான் வழின்னு கேட்டு. இருக்கேன் சார், ஓடுற சாமான்னா சத்தம் வரத்தான் செய்யும்னு பேச்சுத் தமிழ்லயே அடிச்சி அனுப்பிட்டு, எப்சி இன்னொரு தடவ ஊதுனா.